பதினாறாம் நாளில் பாகம் பேசாதீர்கள்!

தகப்பனார் கண்ணை மூடிவிட்டார். செய்தி பறக்கிறது.

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மூத்த மகன் விமானம் ஏறுகிறான். திருப்பூரில் இருக்கும் இளையவன் ராத்திரி பஸ்சைப் பிடிக்கிறான். பக்கத்து ஊரில் வாழ்க்கைப்பட்ட மகள் போட்டது போட்டபடி ஓடி வருகிறாள்.

பத்து வருஷமாக ஒருவரோடு ஒருவர் பேசாதவர்கள் அவர்கள். ஒரு கல்யாணத்தில் மரியாதை குறைந்தது என்று ஒருவருக்குக் கோபம். கொடுத்த கடன் திரும்பவில்லை என்று இன்னொருவருக்குக் கோபம். நல்லது கெட்டதுக்குக்கூட எதிரும் புதிருமாக நின்றவர்கள். இப்போது ஒரே பாடைக்கு முன்னால் நின்று ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு அழுகிறார்கள்.

"தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும்" என்று ஊர்ப் பெரியவர்கள் கண்ணைத் துடைத்துக் கொள்கிறார்கள்.

புதுக்கோட்டை மாவட்டம் குடுமியான்மலையைச் சுற்றியுள்ள கிராமங்களிலும் சரி, தமிழ்நாட்டின் வேறு எந்த மூலையிலும் சரி, நாம் எல்லோரும் பார்த்த காட்சிதான் இது. பார்த்து மனம் குளிர்ந்த காட்சி.

ஆனால், பதினேழாம் நாள் என்ன நடக்கிறது?

அதைப் பற்றித்தான் இன்று பேச வேண்டியிருக்கிறது.

சாவு சேர்த்து வைக்குமா?

சாவு கதவைத் திறந்து விடும். அவ்வளவுதான். உள்ளே போவதும், திரும்பி வந்துவிடுவதும் நம் கையில் இருக்கிறது.

கருமாதி நடக்கிறது. மாமன் மைத்துனர்கள் உருமால் கட்டுகிறார்கள். பந்தி முடிகிறது. பந்தலைப் பிரிக்கும் முன்பே யாரோ ஒருவர் ஆரம்பிக்கிறார்: "எல்லோரும் கூடியிருக்கிறோம். அந்த ஒன்றரை ஏக்கரை என்ன செய்வது? இப்போதே பேசி முடித்துவிடலாமே!"

கேட்பவர் நல்ல எண்ணத்தோடுதான் கேட்கிறார். வெளியூர்க்காரன் நாளைக்குப் போய்விடுவான். மறுபடி எப்போது வருவானோ? கேள்வி நியாயம்தான். நேரம்தான் தவறு.

அழுத கண் இன்னும் காயவில்லை. பத்து வருஷக் கோபத்தின் மேல் ஒரு மெல்லிய தோல்தான் மூடியிருக்கிறது. அந்த நேரத்தில் வரப்பையும் வாசற்படியையும் பற்றிப் பேசினால் புண் மறுபடியும் பிளந்துகொள்ளும். முன்பாவது பேசாமல் இருந்தார்கள். இனி கோர்ட்டில் பேசுவார்கள்.

ஆகவே நாம் சொல்வது இதுதான். உறவுக்கு ஒரு நாள். கணக்குக்கு வேறு ஒரு நாள். பதினாறு நாளும் துக்கத்துக்கு மட்டும் இருக்கட்டும்.

அதற்காகக் கணக்கே பேச வேண்டாம் என்று சொல்லவில்லை. "சொத்தைப் பற்றிப் பேசினால் உறவு கெட்டுவிடும்" என்று மூடி மறைத்த வீடுகளில்தான் பின்னால் பெரிய சண்டை வெடிக்கிறது. நாள் குறித்து, நிதானமாக, எல்லோரையும் வைத்துக்கொண்டு பேச வேண்டும். யாருக்கு என்ன சேர வேண்டுமோ அதைக் கொடுக்க வேண்டும். அப்படிச் செய்தால்தான் சாவு வீட்டில் சேர்ந்த கை பிறகும் சேர்ந்திருக்கும்.

கோடீசுவரர் வீட்டுக் கதை

"ஏழை வீட்டில்தான் இந்தச் சண்டை. பணம் இருந்தால் பிரச்சினை இல்லை" என்று சிலர் நினைக்கலாம். அது சரியா என்று பார்ப்போம்.

திருபாய் அம்பானி என்ற பெரிய தொழில் அதிபர் 2002-ம் ஆண்டு ஜூலை 6-ந் தேதி காலமானார். ரிலையன்ஸ் கம்பெனியை உருவாக்கியவர் அவர். உயில் எழுதி வைக்கவில்லை. மூத்த மகன் முகேஷ், இளைய மகன் அனில். இரண்டு பேரும் தகப்பனாருக்குத் தோள் கொடுத்தவர்கள். 2004-ம் ஆண்டு நவம்பரில் அவர்களுடைய சண்டை சந்திக்கு வந்துவிட்டது.

கடைசியில் பஞ்சாயத்துச் செய்தவர் யார் தெரியுமா? தாயார் கோகிலாபென். 2005-ம் ஆண்டு ஜூன் 18-ந் தேதி அந்த அம்மாளே அறிக்கை விட்டார். எண்ணெய்த் தொழிலும் பெட்ரோ கெமிக்கல் தொழிலும் மூத்தவருக்கு. டெலிபோன், மின்சாரம், நிதித் தொழில்கள் இளையவருக்கு.

பாகம் பிரிந்தது. மனம் சேர்ந்ததா? இல்லை. இயற்கை எரிவாயுவின் விலை பற்றி மறுபடியும் வழக்கு. சுப்ரீம் கோர்ட்டு வரை போனார்கள். 2010-ம் ஆண்டு மே 7-ந் தேதி தீர்ப்பு வந்தது. எரிவாயு நாட்டின் சொத்து. அதன் விலையைக் குடும்ப ஒப்பந்தத்தை வைத்து முடிவு செய்ய முடியாது என்று கோர்ட்டு சொல்லிவிட்டது. அதற்குப் பிறகு அதே மாதத்தில், ஒருவர் தொழிலில் மற்றவர் போட்டிக்கு வரக்கூடாது என்று போட்டிருந்த பழைய ஒப்பந்தத்தை இருவரும் ரத்து செய்தார்கள்.

2011-ம் ஆண்டு டிசம்பரில், குஜராத்தில் தகப்பனார் பிறந்த சோர்வாட் கிராமத்தில் அவருக்கு நினைவு இல்லம் திறந்தபோது குடும்பம் முழுவதும் ஒன்றாகக் கூடியது. தகப்பனார் இறந்து ஒன்பது வருஷம் ஓடியிருந்தது.

பிறகு வந்தது 2019. இளையவரின் டெலிபோன் கம்பெனி, எரிக்சன் என்ற வெளிநாட்டுக் கம்பெனிக்குப் பணம் பாக்கி வைத்திருந்தது. நாலு வாரத்தில் கட்டாவிட்டால் மூன்று மாதம் சிறை என்று சுப்ரீம் கோர்ட்டு உத்தரவு போட்டது. கெடு முடிய ஒரு நாள் இருந்தபோது, மார்ச் 18-ந் தேதி, ரூ.458 கோடியே 77 லட்சம் கட்டப்பட்டது. சோதனையான காலத்தில் துணை நின்றதற்காக அண்ணனுக்கும் அண்ணிக்கும் அனில் பகிரங்கமாக நன்றி தெரிவித்தார்.

இந்தக் கதையில் நாம் பார்க்க வேண்டியது கோடிகளை அல்ல. தாயார் சொல்லியும், தாள் எழுதியும், அந்தச் சண்டை ஆற வருஷங்கள் பிடித்தன. அவ்வளவு பெரிய வக்கீல்களும் கணக்கர்களும் இருந்த வீட்டிலேயே இந்தப் பாடு என்றால், கருமாதிப் பந்தியில் அரை மணி நேரத்தில் நாம் எல்லாவற்றையும் தீர்த்துவிட முடியுமா?

ஒரே கல்லறைத் தோட்டம், இரண்டு மூலை

சேராமலே போன சகோதரர்களும் உண்டு.

கடைவீதியில் 'அடிடாஸ்', 'பூமா' என்ற பெயர் போட்ட பூட்சுகளைப் பார்த்திருப்பீர்கள். அந்த இரண்டு கம்பெனிகளும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் ஆரம்பித்தவை. ஜெர்மனியில் ஒரு சிறிய ஊர். அங்கே ருடால்ப் டாஸ்லர், அடால்ப் டாஸ்லர் என்ற அண்ணனும் தம்பியும் சேர்ந்து பூட்ஸ் செய்து வந்தார்கள். தொழில் தொடங்கிய இடம் அவர்கள் தாயார் துணி வெளுத்த அறை. தகப்பனார் 1945-ல் இறந்தார். 1948-ல் சகோதரர்கள் பிரிந்துவிட்டார்கள். ஊருக்கு நடுவே ஓடும் ஆற்றுக்கு இந்தக் கரையில் ஒரு தொழிற்சாலை. அந்தக் கரையில் ஒரு தொழிற்சாலை. ஊர் ஜனங்களும் இரண்டாகப் பிரிந்தார்கள். எதிரே வருபவர் எந்தக் கம்பெனி பூட்ஸ் போட்டிருக்கிறார் என்று காலைப் பார்த்துவிட்டுத்தான் பேசுவார்களாம்!

அண்ணன் 1974-ல் இறந்தார். தம்பி 1978-ல் இறந்தார். இரண்டு பேரையும் ஒரே கல்லறைத் தோட்டத்தில்தான் அடக்கம் செய்தார்கள். ஒருவர் ஒரு மூலையில். மற்றவர் எதிர் மூலையில். 2009-ம் ஆண்டில்தான் இரண்டு கம்பெனித் தொழிலாளர்களும் கை குலுக்கி ஒன்றாகக் கால்பந்து ஆடினார்கள். சண்டை போட்டவர்கள் அதைப் பார்க்க உயிரோடு இல்லை.

செல்வம் சேர்ந்தது. புகழ் சேர்ந்தது. உடன்பிறப்பு சேரவில்லை. அது லாபமா, நஷ்டமா? நீங்களே சொல்லுங்கள்.

யார் முதலில் பேசுவது?

"நான் தயார்தான். அவன் வந்து பேசட்டும்." இதைச் சொல்லாத அண்ணன் இல்லை. தம்பியும் இதையேதான் சொல்கிறான்.

இராமாயணத்தை நினைத்துப் பாருங்கள். தசரதர் இறந்த பிறகு, பரதன் அயோத்தியில் உட்கார்ந்துகொண்டு, "அண்ணன் வரட்டும்" என்று காத்திருக்கவில்லை. காட்டுக்கே தேடிப் போனான். போகிற வழியில் அவனுக்கு நல்ல பெயரா கிடைத்தது? படையோடு சண்டைக்கு வருகிறான் என்று குகன் சந்தேகப்பட்டான். கூடப் பிறந்த இலட்சுமணனே சந்தேகப்பட்டான். பரதன் திரும்பிப் போய்விடவில்லை.

முதலில் போகிறவருக்கு அவமானம் நேரலாம். "சொத்துக்காக வருகிறான்" என்று நாலு பேர் சொல்லலாம். அதைப் பொறுத்துக்கொண்டு போகிறவர்தான் வீட்டுக்குப் பெரியவர். வயதில் இளையவராக இருந்தாலும் சரி.

தங்கச்சியின் கையெழுத்து

இப்போது ஒரு கசப்பான விஷயம். சொல்லாமல் இருக்க முடியாது.

அண்ணன் தம்பிகள் சேருகிறார்கள். எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஆனால் அந்த ஒற்றுமைக்கு விலை கொடுப்பது யார்? பல வீடுகளில் தங்கச்சிதான். "உனக்குத்தான் நகை போட்டோம், சீர் செய்தோம். இந்தப் பத்திரத்தில் ஒரு கையெழுத்துப் போடு அம்மா!" என்கிறார்கள். விடுதலைப் பத்திரத்தை நீட்டுகிறார்கள். அவள் படித்துப் பார்க்காமலே போட்டுவிடுகிறாள். போடாவிட்டால் பிறந்த வீடு இல்லாமல் போய்விடுமே என்ற பயம். பெண்ணுக்குக் காது குத்தும்போது தாய்மாமன் மடி வேண்டுமே என்ற கவலை.

மனம் உவந்து விட்டுக் கொடுத்தால் அது பெருந்தன்மை. பயந்து விட்டுக் கொடுத்தால் அது ஒற்றுமை ஆகாது. வாயை மூடியிருக்கிறாள், அவ்வளவுதான்.

சட்டம் என்ன சொல்லுகிறது என்பதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். 1956-ம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, தகப்பனார் சொந்தமாகச் சம்பாதித்த சொத்துக்கு உயில் எழுதாமல் இறந்தால், அவருடைய மனைவி, மகன்கள், மகள்கள், உயிரோடு இருந்தால் அவருடைய தாயார் எல்லோருக்கும் சம பங்கு. பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சம உரிமை தரும் சட்டத்தைத் தமிழ்நாடு 1989-லேயே கொண்டுவந்தது. அது அப்போது கல்யாணம் ஆகாமல் இருந்த பெண்களுக்கு மட்டும் பொருந்தியது. 2005-ம் ஆண்டு செப்டம்பர் 9 முதல், கல்யாணம் ஆனவர் ஆகாதவர் என்ற வித்தியாசம் இல்லாமல் நாடு முழுவதும் மகளுக்கும் மகனைப் போலவே உரிமை வந்தது. அந்தத் தேதியில் தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று சுப்ரீம் கோர்ட்டு 2020-ம் ஆண்டு ஆகஸ்டு 11-ந் தேதி தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆனால் 2004-ம் ஆண்டு டிசம்பர் 20-ந் தேதிக்கு முன்பே முறைப்படி பாகம் பிரித்துப் பதிவு செய்திருந்தால் அதைக் கிளற முடியாது.

கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு 1925-ம் ஆண்டுச் சட்டம் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு தருகிறது. முஸ்லிம் குடும்பங்களில் மதச் சட்டப்படி மகளுக்கு, மகனுடைய பங்கில் பாதி உண்டு. எந்த மதத்திலும் "மகளுக்கு ஒன்றும் இல்லை" என்ற பேச்சுக்கு இடமே இல்லை.

கேரளத்தைச் சேர்ந்த மேரி ராய் என்ற அம்மையார் இதற்காகவே தன் சகோதரரை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போனார். பழைய திருவாங்கூர்ச் சட்டப்படி, உயில் எழுதாமல் தகப்பன் இறந்தால், ஒரு கிறிஸ்தவப் பெண்ணுக்கு மகனுடைய பங்கில் நாலில் ஒன்று அல்லது 5,000 ரூபாய், இதில் எது குறைவோ அதுதான் கிடைக்கும். அந்தச் சட்டம் செல்லாது, 1925-ம் ஆண்டுச் சட்டமே பொருந்தும் என்று 1986-ம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. ஒரு தங்கை கேட்டாள். எத்தனையோ தங்கைகளுக்குப் பலன் கிடைத்தது. உரிமையைக் கேட்பவள் உறவை முறிப்பவள் அல்ல. கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டால் அவள் ஏன் கோர்ட்டுப் படி ஏறப் போகிறாள்?

கஞ்சி ஊற்றியவருக்கு என்ன?

இன்னொருவரையும் மறக்கக்கூடாது. வெளியூருக்குப் போகாமல், கடைசி வரை பெற்றவருக்குக் கஞ்சி ஊற்றி, படுக்கையில் புரட்டிப் போட்டு, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் சென்றவர் ஒருவர் இருப்பார். மகனாக இருக்கலாம், மகளாக இருக்கலாம், மருமகளாகவும் இருக்கலாம். அவருக்காகச் சட்டத்தில் தனிப் பங்கு இல்லை. உயில் இல்லையென்றால் பார்த்தவனுக்கும் பார்க்காதவனுக்கும் ஒரே அளவுதான்.

சட்டம் தராததை உடன்பிறந்தவர்கள் தரலாம். பணம் அனுப்பியவன், "நான் அனுப்பினேன்" என்கிறான். பக்கத்தில் இருந்தவன், "நான் இருந்தேன்" என்கிறான். இரண்டும் உண்மை. ஒருவர் செய்ததை மற்றவர் வாய்விட்டுச் சொன்னாலே பாதிக் கோபம் தீர்ந்துவிடும். "நீ பார்த்துக்கொண்டாய் அண்ணே, அதனால்தான் நான் அங்கே நிம்மதியாக வேலை செய்தேன்." இந்த ஒரு வார்த்தைக்குச் செலவு என்ன?

கல்லில் எழுதி வைத்தார்கள்

குடுமியான்மலைக்குப் போனவர்களுக்குத் தெரியும். புதுக்கோட்டையிலிருந்து சுமார் 20 கிலோ மீட்டர். சிகாநாதசுவாமி கோவில் கொண்டிருக்கும் இடம். பாறையைக் குடைந்த குகைக்கோவிலின் பக்கத்தில் பழைய சங்கீதக் கல்வெட்டு இருக்கிறது. அதைத் தவிரவும் கோவில் முழுவதும் நூற்றுக்கு மேற்பட்ட கல்வெட்டுகள். அங்குள்ள அம்மன் சன்னதிகளில் ஒன்றைக் கட்டியவர் உமையாள்வி நாச்சி என்ற ஒரு பெண்மணி. எத்தனையோ நூற்றாண்டு ஓடியும் அந்தப் பெயர் நிற்கிறது.

தமிழ்நாட்டுக் கோவில் கல்வெட்டுகளைப் பாருங்கள். நிலம் கொடுத்தவர் யார், எந்த நிலம், நாலு எல்லையும் எது என்று எழுதுவார்கள். சந்திரனும் சூரியனும் உள்ளவரை இது செல்லும் என்று முடிப்பார்கள். ஏன்? தங்களுக்குப் பின்னால் தகராறு வரக்கூடாது என்றுதான்.

நாம் கல்லில் எழுத வேண்டாம். ஒரு வெள்ளைத் தாள் போதும். உயிலுக்கு முத்திரைத் தாள் தேவையில்லை. எழுதியவர் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும். பதிவு செய்வது கட்டாயம் இல்லை, செய்தால் நல்லது. "உயில் எழுதினால் ஆயுசு குறையும்" என்று பயப்படாதீர்கள். உயில் எழுதியதால் யாரும் சாகவில்லை. எழுதாமல் இறந்ததால் பல குடும்பங்கள் செத்துப் பிழைத்திருக்கின்றன.

கோர்ட்டுப் படி ஏறும் முன்

சரி, உயில் இல்லை. தகப்பனார் போய்விட்டார். என்ன செய்வது?

இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்யுங்கள். தாசில்தார் அலுவலகத்துக்கு மனுப் போட்டு வாரிசுச் சான்றிதழ் வாங்குங்கள். அதில் எல்லாருடைய பெயரும் வரட்டும். ஒரு பெயரை மறைத்தால் அதுதான் நாளைய வழக்கு. பிறகு ஒரு நாள் குறியுங்கள். பேச்சு முடிந்தால் பாகப்பிரிவினைப் பத்திரத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள். எந்தப் பத்திரமானாலும் படித்துக் காட்டச் சொல்லுங்கள். புரியாமல் கையெழுத்தோ, கைநாட்டோ வேண்டாம்.

பேச்சு முடியவில்லையா? அப்போதும் வழி இருக்கிறது. ஒவ்வொரு மாவட்டத்திலும் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 1987-ம் ஆண்டுச் சட்டப்படி, பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் அங்கே இலவசச் சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம். வழக்குப் போடும் முன்பே மக்கள் நீதிமன்றத்தில் சமாதானம் பேசலாம். அங்கே கட்டணம் இல்லை. இரு தரப்பும் ஒப்புக்கொண்டு முடிவு வந்தால், அது கோர்ட்டுத் தீர்ப்புக்குச் சமம். அதன் மேல் அப்பீல் இல்லை. முன்பே வழக்குப் போட்டவர்களுக்குக் கட்டிய கோர்ட்டுக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும்.

வருஷக்கணக்கில் வாய்தா வாங்கி, நிலத்தின் விலைக்கு மேல் செலவழித்து, பேரன் காலத்தில் தீர்ப்பு வாங்குவதைவிட இது எவ்வளவோ மேல்!

தாயார் இருக்கிறாள்

கடைசியாக ஒரு வார்த்தை.

தகப்பனார் போன வீட்டில் பெரும்பாலும் தாயார் இருப்பாள். நிலத்தைப் பிரித்த கையோடு அவளையும் பிரிக்காதீர்கள். இந்த மாதம் இங்கே, அடுத்த மாதம் அங்கே என்று முறை வைத்து ஒரு தாயை மூட்டை முடிச்சோடு அலைய விடுவதற்கா நீங்கள் மூன்று பேரும் சேர்ந்தீர்கள்? அவள் எங்கே இருக்க விரும்புகிறாள் என்று அவளையே கேளுங்கள். தகப்பனார் சொத்தில் அவளுக்கும் பங்கு உண்டு என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

பெற்றவர்கள் இரண்டு பேரும் உயிரோடு இருக்கும் வீடாக இருந்தால் இன்னும் நல்லது. பிள்ளைகள் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவதை ஒரு முறையாவது பார்த்துவிட வேண்டும் என்பதுதான் எந்தத் தகப்பனுக்கும் கடைசி ஆசையாக இருக்கும். அவர் போன பிறகு நீங்கள் கட்டிக்கொண்டு அழுவதை ஊர் பார்க்கும், உலகம் பார்க்கும். யார் பார்க்க வேண்டுமோ அவர் பார்க்க முடியாது.

சாவுச் செய்தி வந்துதான் அண்ணன் வீட்டுக்குப் போக வேண்டுமா? இன்று ஞாயிற்றுக்கிழமை. அவரும் வீட்டில்தான் இருப்பார்.